பின்கதவைத் திறந்தால் ஆர்எக்ஸ்இசட்!

உள்ளே விட்டுவிட்டார்கள்! செமோரில் மோட்டார் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. முன்பக்க நாற்காலியில் உட்கார்ந்து டயர் மாற்றுவதை யாரும் வேடிக்கை பார்க்கலாம். இந்தப் பட்டறையின் பின்கதவு மட்டும் வேறு சங்கதி. எண்ணெய்க் கறை படிந்த ஒரு பழைய திரை, அதற்கு அப்பால் ஒரு தகரக் கூரை. அங்கேதான் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பிரித்துப் போட்டு இரவு வெகுநேரம் 'செட்டிங்' நடக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் கால் நிற்கவில்லை. சனிக்கிழமை இரவு, ஷட்டரை இறக்கியதும் போமன் (தலைமை மெக்கானிக்) அண்ணன் தலையை மட்டும் வெளியே நீட்டி, "வாங்க, செருப்பைக் கழட்டாதீங்க, கீழ பூரா இரும்புத் தூளு" என்றார். பெயரையும் கடைப் பெயரையும் எழுதக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. நீங்களும் என்னோடு வாருங்கள். இடது பக்கம் குனிந்து வாருங்கள், பழைய எக்சாஸ் குழாய்கள் தொங்குகின்றன.

செமோரைத் தெரியாதவர்களுக்கு: மலேசியாவின் ஈப்போவிலிருந்து வடக்கே, சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில் வரும் சிறு பட்டணம் இது. ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், எதிரே கந்தான் சிமெண்டு ஆலைப் பக்கமிருந்து வரும் லோரிகள். சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டன. லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலர் பட்டறைகளில் ஸ்பேனர் பிடித்தார்கள். அண்ணனும் அப்படித்தான். அப்பா பால்மரம் வெட்டியவர். இவர் பள்ளிக்கூடத்தை விட்டதும் ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயிடம் சேர்ந்து, நெடுநாள் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு மட்டுமே கழுவியிருக்கிறார். "கழுவிக் கழுவியே எந்தச் சாமான் எங்க போவுதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்கிறார், கையைத் துடைத்துக்கொண்டே.

கண் பழகட்டும், சுற்றிப் பாருங்கள். ஒற்றை டியூப் லைட். முருகன் படம் போட்ட மளிகைக்கடை நாள்காட்டி. அதில் தேதிகளின் மேல் பென்சிலால் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. வைஸின் கைப்பிடியில், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரே ஆடிக்கொண்டிருக்கிறது. எரிந்த டூ-டி எண்ணெயின் வாசம் சட்டையில் இப்போதே ஏறிவிட்டது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. அலமாரி முழுக்க மைலோ டின்கள், ஒவ்வொன்றிலும் கார்புரேட்டர் ஜெட்டுகள், விரல் நுனியில் நிற்கும் சின்னஞ்சிறு பித்தளைத் துண்டுகள். டின்களின் மேல் கையாள் தம்பி மார்க்கரால் எழுதி வைத்திருப்பதைப் படித்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை: 'போடலாம்', 'போடாதே', 'அண்ணனைக் கேள்'. மூன்றாவதுதான் ஆகப் பெரிய டின்.

கூரைக்கு நடுவே, டாங்கும் சீட்டும் கழற்றப்பட்டு நிற்கிறது இன்றைய நாயகன், யமஹா ஆர்எக்ஸ்இசட். மலேசியாவில் 1985இல் வந்து 2011 வரை விற்ற மோட்டார். 133 சிசி, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், முதலில் 5 கியர், பின்னாளில் 6. விற்பனை நின்றுபோன பிறகுதான் இதன் மேல் ஆசை இன்னும் கூடியது. நல்ல நிலையில் இருக்கும் ஒன்றுக்கு அன்றைய கடைவிலையைவிடப் பல மடங்கு கேட்கிறார்கள். 2024இல் திரங்கானுவில் நடந்த ஆர்எக்ஸ்இசட் கூட்டத்துக்கு நாடெங்குமிருந்து பல்லாயிரம் மோட்டார்கள் சேர்ந்து போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தின் பளபளப்புக்குப் பின்னால் இப்படி எத்தனை தகரக் கூரைகள் விழித்திருந்திருக்கும்!

மோட்டாரின் சொந்தக்காரர் தாசேக் பக்கம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளைஞர். பக்கத்தில் முக்காலியில் அவர் மனைவி, மடியில் இரண்டு ஹெல்மெட்டுகள். கைமாறி வந்த வண்டி இது. முன்பு வைத்திருந்தவர் நேர்ச் சாலையில் பறப்பதற்காகவே இதைச் செய்து வைத்திருந்தாராம். பெரிய கார்புரேட்டர், விறைப்பான வால்வு இதழ்கள், காற்றுப் பெட்டி கழற்றி எறியப்பட்டு அந்த இடத்தில் ஒரு குட்டிப் பந்து ஃபில்டர். "மேல போனா பறக்குதுண்ணே. நடுவுலதான் செத்துப்போவுது" என்கிறார் இளைஞர். மனைவி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சாட்சி சொன்னார்: "மொதல்ல கொர்ர்ருன்னு இழுக்கும். அப்புறம் திடீர்னு தூக்கும். என் ஹெல்மெட்டு போய் இவரு ஹெல்மெட்ல டொக்குன்னு இடிக்கும். வேலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பத்து தடவை டொக்கு."

கையாள் தம்பி உடனே சுவரில் சாக்பீஸால் எழுதினான்: 'வியாதி: டொக்கு.' அண்ணன் முறைத்தார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

நடு சக்தி என்றால் என்ன என்று நான் கேட்டதும் அண்ணனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். நிமிடத்துக்கு 4,500 சுற்றிலிருந்து 7,000 வரை, மூன்றாவது நான்காவது கியரில், மோட்டார் எப்படி இழுக்கிறது என்பதுதான் விஷயம் என்றார். சந்தியில் வளைந்து வெளியே வரும்போது அதுதான் வேலை செய்கிறது. சிமெண்டு லோரியின் பின்னால் மாட்டிக்கொண்டு, எதிரே வழி கிடைத்த நொடியில் தாண்டும்போதும் அதுதான். மனைவியையும் காய்கறிப் பையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் போகிறவனுக்கு வேறு எந்த சக்தியும் பயன்படாது. 9,000 சுற்றில் வரும் வேகம் பேசுவதற்கு நன்றாக இருக்கும், ஒருநாள் முழுக்க ஓட்டினாலும் அந்தப் பக்கம் முள் எத்தனை முறை போகப்போகிறது? நான் இதைக் கேட்டு உண்மையிலேயே மகிழ்ந்துபோனேன். வேகப் பைத்தியங்களின் குகை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், வேலைக்குப் போய்வருகிறவனின் பாதையை யோசித்து ஒரு மனிதர் எஞ்சினைப் பிரிக்கிறார்.

சரி, ஆரம்பிக்கிறார்கள், தள்ளி நில்லுங்கள். நான்கு போல்ட்டு கழன்றதும் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலிருந்து வெளியே வந்தது ரீட் வால்வு. கூரை வீடு வடிவத்தில் ஒரு சிறு கூண்டு. அதன் இரு சரிவுகளிலும் மெல்லிய இதழ்கள். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் கேஸில் உறிஞ்சல் பிறக்கிறது, இதழ்கள் திறந்து காற்றும் பெட்ரோலும் உள்ளே பாய்கின்றன. பிஸ்டன் இறங்கினால் மூடிக்கொள்கின்றன, வந்தது திரும்பிப் போக வழியில்லை. 6,000 சுற்றில் ஓடும்போது இந்த இதழ்கள் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகின்றன. நூறு முறை! கையில் வைத்திருந்த அந்த அசையாத துண்டை நான் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"லைட்ட அமத்துடா" என்றார் அண்ணன். கும்மிருட்டு. கைப்பேசி விளக்கைக் கூண்டின் உள்ளே வைத்து, இதழ்கள் மூடியிருக்கும் பக்கத்தை எங்களிடம் காட்டினார். எங்கேயாவது வெளிச்சம் கசிந்தால் அங்கே காற்றும் கசியும். ஓர் ஓரத்தில் முடியிழை அளவுக்குத் தங்கக் கோடு! எல்லாரும் சேர்ந்து "ஆ" என்றோம். மனைவிகூடக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். இதழின் ஒரு மூலை நார் நாராய்ப் பிரிந்திருந்தது. விளக்கைப் போட்டதும் கையாள் தம்பி அந்த மூலையைப் படம் எடுத்து, இளைஞருக்கே அனுப்பிவைத்தான். "பத்திரமா வெச்சிக்குங்கண்ணே, டொக்கோட எக்ஸ்ரே."

அந்த இதழ்கள் பழுதானது மட்டுமில்லை, இந்த வேலைக்குப் பொருத்தமும் இல்லை. தடித்த விறைப்பான இதழ் உயர்ந்த சுற்றில் அதிராமல் ஒழுங்காய் மூடும், கீழ்ச் சுற்றின் பலவீனமான உறிஞ்சலுக்கோ அசைந்தே கொடுக்காது. மெல்லிய இதழ் சின்ன உறிஞ்சலுக்கே சட்டென்று திறக்கும், மேலே போனால் படபடத்துத் தாளம் தப்பும். நடுவுக்கு என்ன தடிமன் என்பதைக் கண்டுபிடிக்க அண்ணன் செய்த காரியத்தைத்தான் நான் உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். இதழை ஒரு முனையில் பிடித்து, மறுமுனையை நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்கிறார்! ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்று. மறுபடி முதலாவது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் நான்கைந்து சீவாளிகளை ஒவ்வொன்றாய் உதட்டில் வைத்து ஊதி, முகம் சுளித்து, கடைசியில் ஒன்றைப் பொறுக்குவாரே, அதே பொறுமை, அதே முகச் சுளிப்பு.

பொறுக்கிய கார்பன் ஃபைபர் தகட்டின் மேல் பழைய இதழை வைத்து ஊசியால் கோடு போட்டார். தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இழுப்பறையிலிருந்து ஒரு கத்தரிக்கோல் வந்தது. பட்டறைச் சாமான் மாதிரித் தெரியவில்லை, கைப்பிடியில் பூப் படம். பாதி வெட்டும்போது வீட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. "என் துணி வெட்டுற கத்திரிக்கோலை யாரு எடுத்தா?" என்று அண்ணன் வீட்டு அக்கா வாசலில். பட்டறையே உறைந்தது. அண்ணன் மெல்ல இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "இங்க வரலையே" என்றான் தம்பி, முகத்தில் ஓர் அசைவில்லாமல். அக்கா எங்கள் எல்லாரையும் வரிசையாய்ப் பார்த்துவிட்டு, "வெட்டி முடிச்சதும் சாணை பிடிச்சுக் கொண்டாந்து வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். பல வருடமாக நடக்கும் நாடகம் போலிருக்கிறது.

வெட்டிய ஓரங்களைத் தண்ணீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று ஆக்கினார். நார் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கிருந்துதான் மறுபடி பிரியும். இரும்பு இதழ் உடைந்து உள்ளே விழுந்தால் சிலிண்டரையே கிழித்துவிடும், இந்த நார் இதழ் உடைந்தால் பெரும்பாலும் எஞ்சினே தின்று துப்பிவிடும் என்றார். வியர்வை மூக்கு நுனியில் திரண்டு நிற்கிறது, துடைக்கக் கை இல்லை. தம்பி தானாகவே வந்து தோள் துண்டால் ஒற்றிவிட்டுப் போனான். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

இந்த இதழ் விளையாட்டுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. யமஹா 1972இல் தன் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில் ரீட் வால்வைக் கொண்டுவந்தபோது 'டார்க் இண்டக்‌ஷன்' என்றே விளம்பரம் செய்தது. அன்றைக்கே அவர்கள் விற்றது கீழ்ச் சுற்றிலும் நடுவிலும் கிடைக்கும் இழுவையைத்தான். அமெரிக்காவில் பாய்சன் என்பவர் தடித்த இதழின் மேல் மெல்லிய இதழை அடுக்கி, முதலில் மெல்லியது திறக்கட்டும், வேகம் கூடினால் தடித்ததும் சேரட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். அவர் பெயரிலேயே இன்றும் விற்கிறது. அண்ணனிடமும் அப்படி ஒரு ஜோடி 'அண்ணனைக் கேள்' டின்னில் இருந்தது. கேட்டேன். "அது வேற ஒருத்தனுக்கு" என்று மூடிவிட்டார்.

அடுத்தது கார்புரேட்டர். இங்கேதான் இளைஞர் முகம் வாடியது. அந்தப் பெரிய கார்புரேட்டருக்காக அவர் தனியாகக் காசு கொடுத்திருந்தாராம். அண்ணன் அதைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, 28 மில்லிமீட்டர் வாய் உள்ள ஒரு கெய்ஹினை எடுத்தார். சின்னதைப் போட்டால் சக்தி கூடுமா? வாய் பெரிதாக இருந்தால் உயர்ந்த சுற்றில் நிறையக் காற்று போகும், உண்மைதான். ஆனால் நடுச் சுற்றில் அதே வாயில் காற்று சோம்பலாய் நகர்கிறது. சோம்பலான காற்றுக்கு ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தூளாக்கத் தெம்பில்லை. வாயைக் குறுக்கினால் காற்று விரைகிறது, பெட்ரோல் பனியாய்ச் சிதறுகிறது. இளைஞரின் சந்தேகம் தீரவில்லை. அண்ணன் ஒன்றும் வாதாடாமல், தே தாரே பையின் உறிஞ்சு குழலை அவரிடம் நீட்டி, "இதால ஊது. இப்ப இந்த ரப்பர் ஓஸால ஊது. எது கையில குத்துது?" என்று கேட்டார். இளைஞர் ஊதிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். மனைவியும் வாங்கி ஊதினார். நானும் ஊதினேன்!

இப்போது கூரையின் கீழே ஒரே தூசி. கார்புரேட்டர், ரப்பர் மேனிஃபோல்டு, ரீட் கூண்டு, சிலிண்டர் வாய் எல்லாம் ஒன்றோடொன்று சேரும் இடங்களில் படி படியாய் நிற்கும் விளிம்புகளை அண்ணன் அரத்தால் சமமாக்குகிறார். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கும்போது இந்தச் சின்னப் படிகளைப் பார்க்க யாருக்கு நேரம்? காற்றுக்கு ஒவ்வொரு படியும் தடுக்கி விழும் இடம். விரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவுகிறார். "இங்க இருக்கு. பாருங்க." நானும் விரலை விட்டுத் தடவினேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவர் அரத்தை ஐந்தாறு இழுப்பு இழுத்த பிறகுதான் ஏதோ மாறியது போல் இருந்தது. கண்ணாடி மாதிரி மினுக்குவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சொரசொரப்பு கொஞ்சம் இருந்தால்தான் பெட்ரோல் சுவரில் வழியாமல் காற்றோடு போகும் என்பது அவர் கட்சி.

சும்மா இருந்த தம்பிக்கும் ஒரு வேலை வந்தது. ரீட் கூண்டுக்குள் காற்று தேங்கும் வெற்று மூலைகளை, பெட்ரோலுக்குக் கரையாத எப்பாக்ஸிப் பசையால் நிரப்ப வேண்டும். இடம் குறைந்தால் காற்றின் ஓட்டம் விரையும், கைப்பிடியைத் திருகியதும் பதில் உடனே வரும். இரு நிறப் பசையை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்துகொண்டே தம்பி, தான் முதன்முதலில் இதைச் செய்தபோது கூண்டைச் சரியாகத் துடைக்காமல் ஒட்டி, பசை பெயர்ந்து எஞ்சினுக்குள் போன கதையைச் சொன்னான். "அன்னைக்கு அண்ணன் திட்டல. அதான் பயமா இருந்துச்சு" என்றான். அதற்குப் பிறகு இன்றுவரை கூண்டைத் துடைக்கும் துணியை அவன் தன் பையில் தனியாக வைத்திருக்கிறான்.

பசை இறுகும்வரை தேநீர். அப்போது நான் எனக்குப் பிடித்த கதையை அவிழ்த்தேன். கிழக்கு ஜெர்மனியின் ட்ஷோபாவ் ஊரில் எம்இசட் மோட்டார் தொழிற்சாலை. அங்கே வால்டர் காடன் என்ற பொறியாளர். பணமில்லை, நல்ல உலோகமில்லை. சுழலும் தட்டு வால்வு, சரியாக வளைத்த எக்சாஸ், கூடுதலாய் ஒரு போர்ட், இவற்றை ஒன்றோடொன்று இசைத்து, 1961 வாக்கில் வெறும் 125 சிசி எஞ்சினில் 25 குதிரைத்திறன் எடுத்துக் காட்டினார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அப்படியே மேற்கே ஓடிப்போனார். மனைவி மக்களை ஒரு காரின் பின்பெட்டியில் ஒளித்து எல்லை கடத்தினார்கள். டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. அடுத்த ஆண்டே, 1962இல், 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு! கதை முடியும்போது தேநீர் ஆறிப்போயிருந்தது. அண்ணன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் காடன் என்னா ஆனாரு?" என்று மட்டும் கேட்டார். கடைசிவரை அங்கேயே இருந்தார் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் இன்னொரு பொக்கிஷமும் வெளியே வந்தது. அட்டைப்பெட்டி ஒன்றின் அடியிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் குப்பி, ஒரு முனையில் ரப்பர்க் குழாய். 1980களின் தொடக்கத்திலிருந்து யமஹா தன் டூ-ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில் வைத்த ஒய்இஐஎஸ் குப்பி! இதழ்கள் பட்டென்று மூடும்போது, ஓடி வந்த காற்று முட்டிக்கொண்டு பின்னால் திரும்பும். மேனிஃபோல்டின் பக்கவாட்டில் இந்தக் குப்பி இருந்தால் அது அதற்குள் ஒதுங்கி நின்று, அடுத்த முறை இதழ் திறந்ததும் முந்திக்கொண்டு உள்ளே போகும். கீழும் நடுவும் நிறையும். அழகு கெடுகிறது என்று பையன்கள் பிடுங்கிப் போட்டுவிடுவார்களாம். அண்ணன் அவற்றை எடுத்துக் கழுவிச் சேர்த்து வைக்கிறார். எனக்கு அந்தக் குப்பியை வைத்துவிட்டு வரவே மனமில்லை, அத்தனை எளிமையான யோசனை.

காற்றுப் பெட்டி விஷயத்தில் மட்டும் அண்ணன் கறாராகப் பேசினார். குட்டிப் பந்து ஃபில்டரைக் கையில் எடுத்து இளைஞரிடம் பிதுக்கிக் காட்டினார்: சாம்பல் நிறத் தூள். "கந்தான் ரோட்டுல போற வர்ற. கல்லு மலைத் தூசி. இது பிஸ்டன் ரிங்க அரைச்சுத் தின்னுடும்." பழைய பெட்டி தூசியை மட்டும் தடுப்பதில்லை, உள்ளே போகும் காற்றை அமைதியாக வைத்திருந்து நடுச் சுற்றில் கைகொடுக்கிறது. பெட்டியை வேறு இடத்தில் தேட வேண்டியதில்லை, கூரைக்கு மேலே அடுக்கில் நான்கு இருந்தன. ஏணியில் ஏறிய தம்பி பெட்டியோடு ஒரு பல்லிக் குடும்பத்தையும் இறக்கினான். மனைவி முக்காலி மேல் ஏறிவிட்டார்.

இரவு 10 மணிக்கு மேல் இங்கே கிக் உதைக்கக் கூடாது. இது அக்காவின் சட்டம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. ஆகவே சத்தமில்லாத வேலையான ஜெட் தேர்வு கடைசிக்கு. மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு பித்தளைத் துண்டின் எண்ணையும் விளக்கருகே படிக்கிறார் அண்ணன். இளைஞர், "நடுதானே வேணும், மெயின் ஜெட்ட மாத்துங்கண்ணே" என்றார். "கைப்பிடி பாதி வேற, சுத்து பாதி வேற" என்று அண்ணன் திருத்தினார். கைப்பிடியைக் கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை திருகும்போது பெட்ரோலை அளப்பது ஊசி. அதன் கிளிப்பை ஒரு காடி மேலேயோ கீழேயோ மாற்றினால் போதும். மெயின் ஜெட் முழுசாய்த் திருகியவனுக்கு. பெட்ரோல் குறைந்தால் மோட்டார் இன்னும் சுறுசுறுப்பாய்த் தெரியும், சூடேறி எஞ்சின் ஜேம் ஆகும்வரை. அதனால் முதலில் கொஞ்சம் தாராளமாய்க் கொடுத்துவிட்டுப் பிறகுதான் குறைத்துக்கொண்டு வருவார்.

எக்சாஸையும் மாற்றலாமா என்று இளைஞர் ஆசையாகக் கேட்டார். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே பேச்சைப் பேச வேண்டும். உயரச் சுற்றுக்கான எக்சாஸைப் போட்டால் இத்தனை நேரம் இதழ் வெட்டியது வீண் என்றார் அண்ணன். தவிர, ஊரை எழுப்பும் குழாயோடு போனால் சாலையில் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே நிற்கும். நாட்டில் கப் பிரிக்ஸ் பந்தயம் 1994இல் தொடங்கிய காலத்தில் வேலியோரம் நின்று சத்தத்தை வைத்தே வண்டி சொல்லப் பழகியவர் இவர். சாலையில் ரேஸ் போடுகிறவனுக்கு இந்தப் பின்கதவு திறக்காது. எத்தனை வெள்ளி கொடுத்தாலும்.

மறுநாள் காலை, பனி விலகாத தோட்டத்து ஒழுங்கை. அந்தக் காலத்தில் இரு பக்கமும் ரப்பர் மரம், இன்று செம்பனை. முடிவில் ஒரு நீண்ட மேடு. சோதனை ரொம்ப எளிது: நான்காவது கியரில் மெதுவாக வந்து, கியரைக் குறைக்காமல் மேட்டில் கைப்பிடியைத் திருக வேண்டும். முதல் முறை மோட்டார் ஏறியது, ஆனால் பாதியில் ஒரு கனத்த உறுமல். மேட்டு உச்சியில் கிளட்சைப் பிடித்து எஞ்சினை அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். கறுப்பு, ஈரம். பெட்ரோல் கூடுதல். சாலையோரத்திலேயே, தம்பியின் முதுகைப் பலகையாக்கி அதன் மேல் துணி விரித்து, ஊசிக் கிளிப்பை ஒரு காடி மாற்றினார். தம்பி குனிந்தபடியே, "அண்ணே, கூச்சமா இருக்கு" என்று நெளிய, "ஊசி விழுந்துச்சு, நீதான்டா தேடணும்" என்று அதட்டல்.

இரண்டாம் முறை. கீழே வளைவில் மோட்டார் தெரிந்தது, சத்தம் வந்தது. இந்த முறை உறுமலும் இல்லை, திடீர்த் தாவலும் இல்லை. ஒரே இழை, மேடு ஏற ஏற உயர்ந்துகொண்டே வந்தது! நான் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். அண்ணன் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிளக் வந்தது: இளம் காப்பி நிறம். அதை என்னிடம் கொடுத்து, "சுடும், துணியால பிடிங்க" என்றார். அவர் உதடு ஓரத்தில் அந்த இரண்டு நாளில் நான் பார்த்த முதல் முழுச் சிரிப்பு.

இனி உண்மையான தேர்வாளர் ஏற வேண்டும். மனைவி ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் உட்கார்ந்து, புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டார். போனார்கள், திரும்பினார்கள், நான்காவது கியரில் மேடு ஏறி எங்கள் முன்னால் நின்றார்கள். தம்பி பேனாவை மைக்காக நீட்டி, "அக்கா, டொக்கு?" என்றான்.

"ஒண்ணுகூட இல்ல" என்றார் அவர், இறங்காமலே. "இன்னொரு தடவை போவோமா?"

அவர்கள் திரும்பி வருவதற்குள் அண்ணன் மார்க்கரை எடுத்து, ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த பக்க மூடியின் உள்பக்கத்தில் ஜெட் எண், கிளிப் காடி, இதழின் தடிமன், தேதி எல்லாவற்றையும் பொடி எழுத்தில் எழுதினார். நாளைக்கு இந்த வண்டி வேறு ஊரில், வேறு போமன் கையில் திறக்கப்பட்டால் அவர் தடவித் தேட வேண்டாமே என்றார். எழுதி முடித்து ஊதிக் காய வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்: "கத்திரிக்கோல சாணை பிடிச்சியாடா?"

தம்பி ஏற்கெனவே பாதி தூரம் ஓடியிருந்தான்.